ஆஸ்டினுக்கு ஒரு ஜோடி மாடு

1967ஆம் வருஷம், கரும்பு வெட்டுக் காலத்தில், ஒரு புதன்கிழமை மாலை பிஜித் தீவில் லோவுவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஆஸ்டின் கார் வந்தது. லவுட்டோகாவில் அதை விற்றவர்களுடைய ஆள் ஓட்டிக்கொண்டு வந்து மாமரத்தடியில் நிறுத்தினான். சாவியை என் கொழுந்தன் ராஜேந்திராவிடம் கொடுத்தான், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான், பஸ் ஏறிப் போய்விட்டான். சாவியை வாங்கிக்கொண்ட ராஜேந்திராவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவன் மனைவி கம்லாவுக்கும் தெரியாது. அந்த வீட்டில் ஓட்டத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

எனக்கு லைசென்ஸ்கூட உண்டு. என் வீட்டுக்காரர் சிவன் கரும்பு லாரி வைத்திருந்தார். வெட்டுக் காலத்தில் மில் வாசலில் லாரிகள் நாள் கணக்கில் வரிசையில் நிற்கும். அரை மணிக்கு ஒருமுறை பத்தடி நகர்த்த வேண்டும். அந்த நேரத்தில் தான் தூங்கலாமே என்றுதான் எனக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். ஆசையால் ஒன்றும் இல்லை, தூக்கத்தால். பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பரீட்சையும் கொடுக்கவைத்தார். பரீட்சை வைத்த அதிகாரி முதல் சுற்றை நம்பாமல் இன்னொரு சுற்று ஓட்டச் சொன்னார். நாலு வருஷம் ஓட்டினேன். அப்புறம் அவர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார், லாரியும் போயிற்று. மூன்று வருஷமாக நான் ஓட்டியது அடுப்படியைத்தான்.

கார் வாங்கப் பேச்சு எழுந்தபோது ராஜேந்திரா, "ஓட்டறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே அண்ணி" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நான் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டியிருந்தால் கண் பட்டிருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்திலிருந்து பதினொன்றரைக்குள் நல்ல நேரம் என்று பூசாரி பாலசுப்பிரமணி குறித்துக் கொடுத்திருந்தார். முதல் ஓட்டம் மாரியம்மன் கோவிலுக்கு, அரை மைல். பூசாரியே வீட்டுக்கு வந்துவிட்டார், திரும்ப நடக்க வேண்டாம் பாருங்கள். நான் குளித்து, நல்ல புடவை கட்டி, லைசென்ஸை எடுத்துக்கொண்டு வந்து சாவிக்குக் கை நீட்டினேன். கம்லா தரையைப் பார்த்தாள். ராஜேந்திரா காரைப் பார்த்தான்.

"அண்ணி, தப்பா நெனச்சுக்காதீங்க. காடி மொதமொதலா கோவிலுக்குப் போவுது."

"போவட்டும். நான்தானே ஓட்டப்போறேன்?"

"அதுதான் அண்ணி. பூசை ஆயிட்டா தெனமும் நீங்கதான். இன்னிக்கு மட்டும் வேணாம்."

பூசாரி தொண்டையைச் செருமிக்கொண்டார். "மொத ஓட்டத்துக்கு ஆம்பளை கை வேணும். இல்லாட்டி சுமங்கலி கை."

"நேத்து கடைக்காரன் ஓட்டிக்கிட்டு வந்தானே, அது மொத ஓட்டம் இல்லையா?"

"அது கடைக்காரன் ஓட்டம். நம்ம ஓட்டம் இல்ல."

இவர் சூவாவில் வக்கீலாக இருந்திருக்க வேண்டியவர். எங்கள் வீட்டு மூத்த பாட்டனார் மதராஸிலிருந்து கரும்புக் கூலியாகக் கப்பல் ஏறியபோது கொண்டுவந்தது ஒரு செம்பும் ஒரு கம்பளியும் என்பார்கள். தாலி அறுத்தவள் முன்னால் வரக்கூடாது என்பதையும் அந்தக் கம்பளிக்குள் எங்கேயோ சுருட்டி வைத்திருந்திருக்கிறார். எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோயிற்று, வீட்டில் பாதிப் பேச்சு இந்துஸ்தானி ஆயிற்று, கார்கூடக் காடி ஆயிற்று, இது மட்டும் உப்புக் காற்றில்கூடத் துருப்பிடிக்கவில்லை.

வேறு டிரைவர் தேடினார்கள். வெட்டுக் காலம், ஸ்டியரிங் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் மில் வரிசையில் நின்றான். பத்தேகால் ஆகிவிட்டது. அப்போதுதான் ராஜேந்திராவுக்கு அந்த யோசனை வந்தது.

"மாடு இருக்கே!"

உழவு மாடுகளைக் கொண்டுவந்து காரின் முன் பம்பரில் கயிறு கட்டினார்கள். மாடு பிடிக்கப் பக்கத்து வீட்டு நபி பாயைக் கூப்பிட்டார்கள். அவர் வந்து காரையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நல்ல காடி," என்றார். "பெட்ரோல் மிச்சம்."

மாடுகள் இழுத்தன. கார் அசையவில்லை. மறுபடியும் இழுத்தன. மாட்டுக்கு நுரை தள்ளியது, காருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ராஜேந்திராவுக்காக இல்லை, அந்த வாயில்லாத ஜீவன்களுக்காகத்தான் வாயைத் திறந்தேன்.

"ஹேண்ட் பிரேக்கை எறக்குங்க தம்பி."

அவன் ஏதோ ஒரு குமிழை இழுத்தான்.

"அது இல்ல. சீட்டுக்குப் பக்கத்துல."

கார் புறப்பட்டது. நபி பாய் முன்னால் மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ராஜேந்திரா ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தான். அவன் பக்கத்தில் பூசாரி. பின் சீட்டில் பூசைத் தட்டோடு கம்லா. என்னை வா என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. எனக்குக் கோபம் தலைக்கேறியது. பாத்திரங்களை எல்லாம் எடுத்துப் போட்டுத் தேய்த்தேன். சுத்தமாக இருந்ததையும் தேய்த்தேன்.

பதினொரு மணி சுமாருக்கு நபி பாய் மாடுகளோடு திரும்பி வந்தார். கார் வரவில்லை.

"காடி எங்க பாய்?"

"கோவில்ல நிக்குது. பூசை ஆவல. காடிக்குப் போட்ட மாலையை மாடு தின்னுடிச்சு. அப்புறம் சூடத்தைப் பாத்து மெரண்டு, பூசாரி காலை மிதிச்சிடிச்சு. அவுத்துக்கிட்டுப் போய்யான்னு வெரட்டிட்டாரு."

"இப்ப என்னவாம்?"

"சக்கரத்துக்கு முன்னால எலுமிச்சம்பழம் வச்சிருக்கு. ஏறி நசுக்கணுமாம். பதினொண்ணரைக்குள்ள உங்களை வரச் சொன்னாங்க."

"நான் வந்தா ஆவுமாமா?"

"நானும் அதைத்தான் கேட்டேன். பூசாரி வாட்ச்சைப் பாத்தாரு. ஆவும்னுட்டாரு."

போக மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ரோஷம் உள்ளவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். எனக்கு ரோஷத்தைவிட அந்தக் காரில் உட்காரும் ஆசை பெரியதாக இருந்தது. பொய் சொல்வானேன், ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

கோவில் வாசலில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. கதவைத் திறந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். இரண்டு முறை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பூசாரி நொண்டிக்கொண்டே மணி அடித்தார். கம்லா பானெட்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் குங்குமம் வைத்தாள். புருஷனுக்கு வைத்தாள், பூசாரிக்கு வைத்தாள், தட்டைத் தாழ்த்திக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். பதினொன்று இருபத்தைந்து. ராஜேந்திரா என் பக்கத்தில் ஏறிக்கொண்டான், பின் சீட்டில் கம்லாவும், எங்கள் வீட்டில் சாப்பிட வரும் பூசாரியும்.

இரண்டு பக்கமும் கரும்பு, நடுவே வெள்ளைப் புழுதி ரோடு. லாரி மாதிரி இதற்குக் கையில் பலம் வேண்டியிருக்கவில்லை. என் கால் எதையும் மறக்கவில்லை. மூன்றாவது கியரில் காற்று முகத்தில் அடித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போது கம்லா பின்னாலிருந்து பேசினாள்.

"அக்கா, ஞாயித்துக்கெழமை நாந்தி ஊருல நம்ம தமிழ்ச் சங்கத்துக் கூட்டம். யாராச்சும் கேட்டா, மொத ஓட்டம் இவரு ஓட்டினாருன்னு சொல்லிடலாமா?"

"அதுதான் நல்லது," என்றார் பூசாரி.

என் பக்கத்தில் இருந்த ராஜேந்திரா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

நான் காரை நிறுத்தினேன். ஓரத்தில் இல்லை, நடு ரோட்டில். எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்ன அண்ணி?"

"தம்பி ஓட்டினதாத்தானே சொல்லப்போறீங்க? ஓட்டட்டும்."

கம்லா முந்தானையால் விசிறிக்கொண்டாள். வெயில் ஏறியது. கார் அடுப்பாகக் கொதித்தது. பின்னால் லவுட்டோகா பஸ் வந்து ஹாரன் அடித்தது. நாங்கள் அசையவில்லை. பஸ் டிரைவர் சாதிக் இறங்கி வந்தான். ஜன்னலுக்கு ஒரு தலையாகப் பஸ்ஸே வெளியே எட்டிப் பார்த்தது. சாதிக் குனிந்து ராஜேந்திராவைப் பார்த்தான், என்னைத் தாண்டிப் பின் சீட்டில் பூசாரியையும் கம்லாவையும் பார்த்தான்.

"என்ன பாய், காடி கராப் ஆயி நின்னுடிச்சா? டிரைவர் எங்க போயிட்டான்?" என்று ராஜேந்திராவிடம் கேட்டான். அவனுக்கு எல்லாரும் பாய்தான்.

ராஜேந்திரா கரும்பைப் பார்த்தான். பூசாரி வாட்ச்சைப் பார்த்தார். நான் எதிரே ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"டிரைவர் எங்க பாய்?" சாதிக் மறுபடியும் கேட்டான். பஸ்ஸிலிருந்தும் யாரோ அதையே கேட்டார்கள்.

"கண்ணு தெரியலையா உனக்கு?" கம்லாதான் கத்தினாள். "ஸ்டியரிங்குக்கு முன்னால யாரு உக்காந்திருக்காங்க? எங்க அக்காதான் டிரைவரு! மொத ஓட்டமே அவங்கதான் ஓட்டினாங்க! போ, போய் எல்லாருக்கும் சொல்லு!"

பாசத்தில் சொன்னாளா, வெயில் தாங்காமல் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பஸ் முழுக்கக் கேட்டது.

சாவியைத் திருப்பினேன். மூன்று வருஷமாக வராத அழுகை அப்போது வந்துவிடும் போலிருந்தது. கண்ணை மறைத்தால் ரோடு தெரியாது. வீடு போய்ச் சேரட்டும் என்று அதை விழுங்கிக்கொண்டு முதல் கியர் போட்டேன்.