வெள்ளைச் சட்டையில் மஞ்சள்

1961. புதுக்கோட்டை மைதானத்தில் கப்பற்படை அதிகாரிப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் முகாம். கடைசி நாள் பார்வையிடல் முடிந்தால் ஒருவனுக்கு மட்டும் கொச்சி. அது நார்த்தாமலை சோலையப்பனா, அறந்தாங்கி செல்லமுத்துவா என்பதுதான் பாக்கி.

சோலையப்பனின் புது வெள்ளைச் சட்டையைக் காலையில் ஆத்தா ராக்காயிதான் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு வேலிக்கு வெளியே நின்றாள்.

லெப்டினன்ட் ஆவுடையப்பன் பிரம்பு நுனியால் அவன் காலரை நிமிர்த்தினார்.

"என்னடா இது?"

"மஞ்சள், சார்."

"சட்டைக்கு என்னிக்குடா கல்யாணம்?"

வரிசை சிரித்தது.

"புதுத்துணின்னா மஞ்ச வைக்காம உடுத்தக் கூடாதுன்னு ஆத்தா..."

"கப்பல்லயும் ஒங்க ஆத்தா வருமா? கமாண்டர் வாரதுக்குள்ள அது போயிருக்கணும். இல்லாட்டி நீ போயிரு."

குழாயடிக்கு ஓடிச் சட்டையைக் கழற்றி அலசினான். கறை அசையவில்லை. பின்னாலேயே செல்லமுத்து வந்தான்.

"இந்தா மாப்ள, சோப்பு. நல்லா அழுத்தித் தேயி."

"நீ எதுக்குடா எனக்கு..."

"நீ இல்லாம செயிச்சா எனக்கு என்னடா பெருமை?"

வேலியோரத்திலிருந்து ராக்காயி கத்தினாள்.

"அய்யா, சோப்பு போடாதய்யா! மஞ்ச செவந்து போயிரும்!"

பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"யார்றா அது, சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு?"

"நம்ம அதிகாரியோட ஆத்தா போலருக்குடா!"

சோலையப்பன் தலையைத் தூக்கவில்லை. அவள் கத்தக் கத்த இன்னும் வேகமாகத் தேய்த்தான். நுரை வழிந்தபோது காலர் ரத்தமாகச் சிவந்திருந்தது. செல்லமுத்து சோப்பை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

ஆவுடையப்பன் ஈரச் சட்டையைப் பிரம்பில் கோத்து எல்லோருக்கும் காட்டினார்.

"ஆலாத்தி கரைச்சாச்சு. இனித் தெருவுல கொட்ட வேண்டியதுதான். கேட்டு அங்கிட்டு இருக்கு."

கேட்டுக்கு வெளியே ராக்காயி ஓடி வந்து மகன் கையைப் பிடித்தாள். உள்ளே குரல் கேட்டது: "செல்லமுத்து, ஒரு அடி முன்னால!"

"அம்புட்டுக் கத்தினேனேய்யா. காதுல விழலையா?"

"விழுந்துச்சு."

"பெறகு ஏய்யா தேய்ச்ச?"

அவன் கையை உருவிக்கொண்டான்.

"நீ யாருன்னு கேட்டானுக."