தண்ணியில் ஏது இறக்கம்

“உங்க அக்காவுக்கு என் மேல நம்பிக்கை இல்லையா, ரேடியோ?”

மாமா இப்படிக் கேட்டபோது அவள் துறைப் படியில் உட்கார்ந்து படகுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நாள் முழுக்க நாலு வார்த்தை பேசாதவளுக்கு ரேடியோ என்று பெயர் வைத்ததே இந்த மாமாதான். அக்காவின் கணவர். அவர் கையில் பளபளவென்று பொன் நிறத்தில் ஒரு எஞ்சின் எண்ணெய் டப்பா இருந்தது. ரேடியோ கயிற்றை இன்னொரு சுற்று சுற்றினாள்.

போயும் போயும் எண்ணெயில் வந்து நம்பிக்கை மாட்டிக்கொண்டதற்கு ஒரு கதை உண்டு.

அப்பாவுக்குப் பிறகு அவருடைய படகை அக்கா எடுத்து ஓட்ட ஆரம்பித்தாள். பொம்பளை ஓட்டுகிற படகா என்று ஆரம்பத்தில் தள்ளி நின்றவர்கள் இப்போது அக்கா திரும்பி வரட்டும் என்று மற்ற படகுகளைப் போகவிட்டுக் காத்து நிற்கிறார்கள். அலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும், மடியில் இருக்கும் பையில் ஒரு சொட்டுத் தெறிக்காமல் அக்கரையில் கொண்டுபோய் இறக்கிவிடுவாள். பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இருமி இருமி ஓய்ந்த பிறகு புதிதாக ஒரு ஃபோர்-ஸ்ட்ரோக் வாங்கிப் படகின் பின்புறம் மாட்டினாள்.

மாட்டிய அன்றே ஒரு கூத்து நடந்தது. பக்கத்துப் படகுக்காரர் வாழ்நாளெல்லாம் பெட்ரோலில் எண்ணெயைக் கலந்தே காலம் தள்ளியவர். துறையில் அவரைக் கலவை என்றால்தான் தெரியும். உதவி செய்கிறேன் பேர்வழி என்று புது எஞ்சினின் பெட்ரோல் டாங்கைத் திறந்து எண்ணெயைச் சாய்க்கப் போய்விட்டார். அக்கா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

“ஐயோ அண்ணே! இதுக்குக் கலக்கக் கூடாது. எண்ணெய்க்கு உள்ள தனி இடம் இருக்கு.”

“அப்போ எண்ணெய் எரியாதா?”

“எரியாது. உள்ளேயே சுத்திச் சுத்தி வரும். நாமளா மாத்துற வரைக்கும் அங்கேயேதான் கிடக்கும்.”

“அட! பழசுல எண்ணெய் விருந்தாளி, வந்த அன்னைக்கே புகையா கிளம்பிடும். இதுல வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு!” என்று கலவை துறையே அதிரச் சிரித்தார்.

சிரித்து முடித்த பிறகுதான் மாமா பின்னால் நிற்பதைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து மாமா அக்கா வீட்டோடுதான் இருக்கிறார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் காது மடல் சிவந்ததை ரேடியோ பார்த்துவிட்டாள்.

மாமா லேசுப்பட்ட ஆள் இல்லை. சொந்தமாகக் கார் ஷெட் வைத்திருக்கிறார். தெருமுனையில் ஒரு கார் திரும்பும்போதே, ஸ்பேனரைக் கீழே வைக்காமல், எந்த சிலிண்டர் மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். இருந்தும் வீடு அக்காவுடையது, படகு அக்காவுடையது. இது நான் செய்தது என்று அவர் காட்டிக்கொள்ள அந்த வீட்டுச் சுவரில் ஒரு ஆணிகூட இல்லை. அதனால் புது எஞ்சினுக்கு முதல் எண்ணெய் மாற்றம் நெருங்கியதும், “என் பொண்டாட்டி எஞ்சின், என் கையால ஊத்துறேன் பாரு” என்று ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டார். இருப்பதிலேயே உசத்தியான கார் எண்ணெயை எடுத்து வைத்தார். அக்காவிடம் சொன்னதற்கு அவள், “பாக்கலாம்ங்க” என்றாள். அக்கா பார்க்கலாம் என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது மாமாவுக்கும் தெரியும்.

இன்றைக்கு வேடிக்கை பார்க்க ஷெட்டிலிருந்து டிங்கரையும் கூட்டி வந்திருந்தார். நசுங்கிய காரைத் தட்டி நிமிர்த்துகிற கை அவனுக்கு. வாயும் அப்படித்தான், ஓயாது.

அக்கா அக்கரையிலிருந்து முழு வேகத்தில் வந்து, பூ வைப்பது போலப் படகைப் படியில் சேர்த்தாள். ரேடியோ கயிற்றைக் கட்டினாள். ஆட்கள் இறங்கினார்கள்.

“என்ன மேடம், எங்க தலைவரோட கைராசி உங்க எஞ்சினுக்கு வேணாமா?” என்றான் டிங்கர்.

ரேடியோ அக்காவைப் பார்த்தாள். டிங்கருக்கு முன்னால் அக்கா வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அப்புறம் மாமா வீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார். சரி என்றால், அக்கா கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற எஞ்சின் என்ன ஆகுமோ.

அக்கா எஞ்சின் மூடியைக் கழற்றினாள்.

“என்னங்க, கொஞ்சம் உள்ள வாங்களேன். எனக்கு ஒரு சந்தேகம்.”

மாமா டப்பாவோடு படகில் இறங்கினார். அக்கா எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி அவரிடம் நீட்டினாள்.

“மோந்து பாருங்க.”

“பெட்ரோல் வாடை வருதே. அளவும் கோட்டுக்கு மேல ஏறியிருக்கு.” மாமா எண்ணெயை இரு விரலுக்கு நடுவே தேய்த்தார். “காரா இருந்தா பிஸ்டன் ரிங் தேஞ்சுபோச்சுன்னு சொல்லுவேன். இது புதுசாச்சே, அதான் இடிக்குது.”

“எஞ்சின் மேல கை வெச்சுப் பாருங்க.”

“வெந்துடும்டி! இப்பதானே விரட்டிக்கிட்டு வந்தே?”

“வெச்சுத்தான் பாருங்களேன்.”

விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் எஞ்சின்கள் சுட்ட தழும்புகள் உள்ள கை அது. பட்டும் படாமலும் வைத்தார். பிறகு உள்ளங்கையை முழுசாகப் பதித்தார். எடுக்கவில்லை.

“டீ டம்ளர் சூடுதான் இருக்கு” என்றார் மெதுவாக.

“வழியெல்லாம் தண்ணிய உறிஞ்சிக் குளிச்சுக்கிட்டே ஓடுதுங்க. உடம்பு நல்லா காயுறதே இல்ல. எரியாத பெட்ரோலு எண்ணெயில இறங்கிடுது, ஈரமும் சேந்துக்குது. ஊத்துற எண்ணெய் இதையெல்லாம் தாங்கி, உப்புக்குத் துருப்பிடிக்காமலும் பாத்துக்கணும். காருக்காவது மூச்சு வாங்க சிக்னல் உண்டு, இறக்கம் உண்டு. தண்ணியில ஏது இறக்கம்? போக வர மேடுதான்.” அக்கா அந்தப் பொன் டப்பாவைப் பார்த்துச் சொன்னாள். “இது நல்ல எண்ணெய்தான். நானே கார் வாங்கினா இதைத்தான் ஊத்துவேன்.”

“வாங்கு வாங்கு” என்றார் மாமா, எஞ்சினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எஞ்சினோட வந்த புத்தகத்துல டென்-டபிள்யூ-தேர்ட்டி பத எண்ணெய் போடச் சொல்றான். டப்பா மேல எஃப்சி-டபிள்யூன்னு முத்திரை இருக்கணுமாம், படகு எஞ்சினுக்குன்னே பரிசோதிச்ச எண்ணெயாம். ஆனா புத்தகம் எழுதினவன் இந்தப் படகுல கை வெச்சுப் பாத்தானா? நீங்க பாத்துட்டீங்க. எதை ஊத்தலாம்னு நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்றதை ஊத்துறேன்.”

ரேடியோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்கா சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை. மாமா ரோஷத்தில் டப்பாவைத் திறந்துவிட்டால், அவள் கையாலேயே புனலை எடுத்துப் பிடிப்பாள். அது தெரிந்தே சொல்லியிருக்கிறாள். கரை காணாத தண்ணீரில் மூடுபனிக்குள் படகை விடும்போது அக்காவின் முகம் எப்படி இருக்குமோ அப்படித்தான் இப்போதும் இருந்தது. இந்தத் தைரியத்தில் கால்வாசி எனக்கு இருந்தால் நானும் வாய் திறந்து பேசுவேனே என்று ரேடியோ நினைத்தாள்.

பக்கத்துப் படகில் கலவைகூட இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன தலைவரே, ஊத்திடலாமா?” என்றான் டிங்கர் படியிலிருந்து.

மாமா எஞ்சினிலிருந்து கையை எடுத்தார். அளவுக் குச்சியைத் துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, சரியாக உட்கார்ந்ததா என்று அழுத்திப் பார்த்தார். மூடியையும் அவரே எடுத்து மாட்டினார். பிறகு படியேறி, பொன் டப்பாவை டிங்கரின் கையில் வைத்தார். அவன் ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் தன் பைக்கை உதைத்துக் கிளப்பிவிட்டார்.

ஷெட் இருப்பது இடது பக்கம். பைக் வலது பக்கம் திரும்பி, படகுச் சாமான் கடைகள் இருக்கும் தெருவைப் பார்த்துப் போனது.