பகலில் சத்தமில்லை

வைத்திக்குப்பத்தில் இன்ஜின் மெக்கானிக் சுப்ரமணிக்கு இருந்த பேர் சாதாரணப் பேர் இல்லை. போட் கரையை நெருங்கும்போதே, மணலில் நின்றபடி, "நாசில் போயிடுச்சி, கழட்டி எடுத்தா" என்று சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் டீசலைப் பீய்ச்சும் அந்த நாசில்தான் போயிருக்கும். தவளக்குப்பம் தாண்டியிருந்தெல்லாம் ஆட்கள் இன்ஜினை மினி வண்டியில் போட்டுக்கொண்டு வருவார்கள். "சுப்ரமணிக்குக் காதுலதான்யா கண்ணு" என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவரும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொள்வார்.

அந்தக் காது போய் இரண்டு வருஷமாகிறது. இது அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும்.

சைலன்சர் இல்லாத டீசல் இன்ஜின் பக்கத்தில் முப்பத்தைந்து வருஷம் தலையைக் கொடுத்தவருக்கு வேறு என்ன பென்ஷன் கிடைக்கும்? முதலில் சன்னமான சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. குக்கர் விசில் போயிற்று, செல்போன் மணி போயிற்று, கொசு போயிற்று. கொசு போனதில் அவருக்கு வருத்தமில்லை. பிறகு இடது காது மொத்தமாக அடைத்துக்கொண்டது. எதிரே நின்று பேசுகிறவர்களை வாயைப் பார்த்துப் பாதி, வலது காதால் பாதி என்று சமாளித்தார். இன்ஜினைப் பார்க்க அவருக்குக் கை இருந்தது. மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தால் எந்தப் பக்கம் உதறல் என்று தெரியும். புகையின் நிறம் மிச்சத்தைச் சொல்லிவிடும். ஆனால் கையை வைக்கும்போது கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக்கொள்வார். அதைப் பார்த்துக் குப்பமே சொக்கிப்போனது. காது போன பிறகுதான் காதின் புகழ் ஓங்கியது என்றால் நம்புவீர்களா? ஊர் அப்படித்தான்.

உண்மை வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்ற பயம் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. செவிட்டு மெக்கானிக்கிடம் எவன் இன்ஜினைக் கொடுப்பான்? அதனால் மனைவி சொர்ணத்திடம்கூட அவர் மூச்சு விடவில்லை. காரைக்காலில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் தேவிப்பிரியா போன் பண்ணினால், "அம்மாகிட்ட பேசு" என்று கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

மகள் விட்டுவிட்டுப் போன சொத்து ஒன்று வீட்டில் இருந்தது. கல்லூரியில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கினிபிக் என்னும் வாலில்லாத எலி ஜாதிக் குட்டி ஒன்றை வாங்கி வந்தாள். பழுப்பும் உருண்டையுமாக இருந்ததால் போண்டா என்று பேர். புகுந்த வீட்டில் இரண்டு பூனைகள் இருந்தபடியால் போண்டா பிறந்த வீட்டிலேயே தங்கிவிட்டது. "பெருச்சாளிக்குப் பேரு வச்ச மொத குடும்பம் நம்மதான்" என்று ஆரம்பத்தில் அலுத்துக்கொண்ட சுப்ரமணிதான் இப்போது அதற்குக் காவல். விடியற்காலையில் சொர்ணம் மீன் எடுக்கப் போய், கூடையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குள் சாரம் வரை தெருத்தெருவாக விற்றுவிட்டு வர மூன்று மணியாகிவிடும். அதுவரை கூண்டு அவருடைய பட்டறைக்குள், காற்று படும் மூலையில் இருக்கும். கொத்தமல்லித் தழையும் புல்லும் வைப்பார். ஆறு வயதாகிவிட்டது போண்டாவுக்கு. அந்த ஜாதிக்கு அது கிழப்பருவம். முன்பெல்லாம் ஆளைக் கண்டால் கீச்சுக்கீச்சென்று கத்தித் தீனி கேட்கும்; இரண்டு வருஷமாகக் கத்துவதில்லை, வயதாகி அடங்கிவிட்டது என்று அவர் நினைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் சொர்ணம் கூண்டருகே உட்கார்ந்தபடி அவர் தோளைத் தட்டினாள்.

"யோவ், இத்த கேளு. மூச்சு இன்னாமோ மாதிரி வருது."

"எப்படி?"

"விசிலு மாதிரி. நடுவுல டக்கு டக்குன்னு வேற."

சுப்ரமணி குனிந்தார். பழக்க தோஷம், கண்ணை மூடித் தலையைச் சாய்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததைக் கேட்டது போலத் தலையை ஆட்டுவதில் அவருக்கு இரண்டு வருஷ அனுபவம்.

"ஆமா. வயசாச்சில்ல, அப்படித்தான் இருக்கும். நமக்கே இழுக்குது."

மறுநாள் கூடையை இறக்கியதும் அவளுடைய முதல் கேள்வி, "பகல்ல எப்படியிருந்துச்சி?" என்பதுதான்.

"பகல்ல சத்தமே இல்லியே."

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவருக்குப் பகலிலும் சத்தமில்லை, ராத்திரியிலும் சத்தமில்லை. ஆனால் சொர்ணம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். ஊர் இன்ஜினுக்கெல்லாம் நாடி பார்க்கிற காது சொல்கிறதே! பகலெல்லாம் நன்றாக இருக்கும் ஜீவன் சாயங்காலமானால் இழுக்கிறது என்றால் அது கண்ணேறு தவிர வேறில்லை என்று முடிவு கட்டினாள். சாயங்காலம்தானே எதிர்வீட்டு வீராயி வந்து, "இன்னாமா கொழுத்திருக்குது" என்று கூண்டைப் பார்த்துவிட்டுப் போகிறாள்? அன்றிலிருந்து விளக்கு வைத்ததும் சாம்பிராணி போட்டாள். கூண்டை மூன்று சுற்று சுற்றி, புகை உள்ளே நன்றாக இறங்கும்படி முந்தானையால் விசிறியும் விட்டாள். நோய் கூடக் கூடச் சாம்பிராணியும் கூடியது.

ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில். எட்டாம் நாள் போண்டா கொய்யாத் துண்டைத் தொடவில்லை. முதுகைக் குவித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. இதைப் பார்க்கக் காது வேண்டாம், கண்ணே போதும். "டாக்டருகிட்ட போலாம்" என்று சுப்ரமணியே சொன்னார்.

காத்தவராயனின் ஆட்டோவில் போனார்கள். காத்தவராயன் நல்ல பையன்தான், ஆனால் அவன் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் குப்பத்தின் கடைசி வீடு வரை போய்விடும். போதாததற்கு அவன் அண்ணன் ஆதிமூலத்துக்கு இரண்டு போட். இரண்டு இன்ஜினும் சுப்ரமணியின் கையில்தான். சாரத்தில் இருக்கும் அந்த கிளினிக் வாசலில் இறங்கியதும், "நான் தூக்கியாரேன் மாமா" என்று கூண்டைத் தூக்கிக்கொண்டு அவனும் உள்ளே வந்து நின்றான்.

டாக்டர் பூர்ணிமா சின்ன வயதுக்காரி, நிதானமானவள். போண்டாவைத் துண்டில் சுற்றி எடுத்து, குழலை வைத்துக் கேட்டாள். நல்ல வேளையாக அவள் பேசும்போது ஆளைப் பார்த்துப் பேசினாள்.

"புது எடம், பயந்துபோயிருக்கு. நெஞ்சு தடதடன்னு ஓடுது, இந்தப் படபடப்புல ஒண்ணும் உறுதியா சொல்ல முடியல. வீட்ல எப்படி இருந்துச்சின்னு நீங்க சொல்றத வச்சுத்தான் நான் முடிவு பண்ணணும். இந்தச் சத்தம் நாள் பூரா இருக்கா, ஏதாவது ஒரு நேரத்துல மட்டுமா?"

"சாயங்காலம்தாம்மா" என்றாள் சொர்ணம். "பகல்ல சுத்தமா இல்ல. இவுரு கூடவே இருக்காரு. இவுரு காதுக்குத் தப்பாது."

"சாயங்காலம் வீட்ல கொசுவத்தி, ஊதுவத்தி ஏதாவது?"

சொர்ணம் சாம்பிராணிக் கதையைச் சொன்னாள். டாக்டர் முகம் தெளிந்தது.

"அதாம்மா. இதுங்களுக்குப் புகை ஆகவே ஆகாது. அதை நிறுத்திட்டுப் பத்து நாள் பாருங்க. பகல்லயும் சத்தம் இருந்தா விஷயம் வேற, நெஞ்சுலயோ நுரையீரல்லயோ கோளாறுன்னு அர்த்தம். எக்ஸ்ரே படம் எடுத்து இன்னிக்கே மருந்து ஆரம்பிச்சாகணும், பத்து நாள் தாங்காது. நல்ல வேளை, உங்களுக்கு அப்படி இல்ல."

சொர்ணத்தின் கண் கலங்கிவிட்டது. "நல்லதுன்னு நெனச்சிப் போட்டேம்மா. நானே பொகய போட்டுக் கொல்லப் பாத்தேனே. எம்பொண்ணு கேட்டா இன்னா சொல்லுவேன்?"

சுப்ரமணி சுவரைப் பார்த்தார். எவ்வளவு வசதியாக முடிந்துவிட்டது! பழி சாம்பிராணிக்குப் போயிற்று. எழுந்து வீட்டுக்குப் போகலாம், நாளைக்கு ஆதிமூலத்தின் இன்ஜினில் கையை வைத்துக் கண்ணை மூடலாம்.

ஆனால் அவர் மெக்கானிக். இன்ஜினைக் கடலில் முக்கிவிட்டு, "தண்ணியே பூரல அண்ணே" என்று சாதிக்கும் போட்காரர்கள் எத்தனை பேரை அவர் திட்டியிருக்கிறார்! நடந்ததை மறைத்தால் பார்க்கிறவன் தப்பான இடத்தைக் கழட்டுவான், இன்ஜின் செத்துப்போகும் என்று கத்துவார். இப்போது அவரே அந்தப் போட்காரராக நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் சொர்ணம், செய்யாத கொலைக்கு அழுதுகொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, பகல்ல சத்தமில்லன்னு நான் சொன்னத எடுத்துக்காதீங்க."

"ஏங்கய்யா?" என்றாள் டாக்டர்.

"எனக்குக் காது கேக்காது."

தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. கூடம் முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டார். நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருந்த பெண்மணி திரும்பிப் பார்த்தாள். கதவோரம் காத்தவராயன் வாயைப் பிளந்து நின்றான். சொர்ணம் அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"ரெண்டு வருஷமாச்சு. சன்னமா வர்றது எதுவும் கேக்கறதில்ல. பகல்ல அது இழுத்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது. தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

டாக்டர் போண்டாவை உள்ளே கொண்டுபோய் உடனே படம் எடுத்தாள். வெளியே வந்தபோது முகத்தில் பழைய தெளிவு இல்லை. இதயம் வீங்கியிருக்கிறது, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றாள். புகை கெடுதல்தான், ஆனால் இந்த நோய் புகையால் வந்ததில்லை, வயதால் வந்தது. இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. இரண்டு வேளை சொட்டு மருந்து எழுதினாள். மனுஷர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை எதையும் வாயில் போட்டுவிடாதீர்கள் என்று இரண்டு தடவை சொன்னாள். மருந்து பலித்தால் சில மாதங்கள் நிம்மதியாக இருக்கும்.

"பகல்ல நீங்கதான் பாத்துக்கணும்யா" என்று சொல்லி, அவர் கையைப் பிடித்து போண்டாவின் விலாவில் வைத்தாள். "சத்தம் வேணாம். இங்க பாருங்க."

மெத்தென்ற ரோமத்துக்குக் கீழே சின்னதாக ஓர் உதறல் கரகரவென்று ஓடிக்கொண்டிருந்தது. எட்டு நாளாகச் சொர்ணம் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான் என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. போண்டா மூக்கைத் தூக்கி வாயைத் திறந்தது. "கீச்சுன்னு கத்துறான் பாருங்க, உங்களத்தான் கூப்பிடுறான்" என்றாள் டாக்டர். அடங்கிவிட்டது என்று அவர் நினைத்த பிராணி இத்தனை நாளும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அவருக்கு அவமானமாக இருந்தது.

ஆட்டோ கிளம்பியது. காத்தவராயன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். சொர்ணம் சுப்ரமணியின் இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவள் வாய் அசைவது ஓரக்கண்ணில் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை.

"அந்தக் காது சுத்தமா இல்ல, சொர்ணம்."

அவள் ஆட்டோவை நிறுத்தச் சொன்னாள். இறங்கிச் சுற்றி வந்து அவரை உள்ளே தள்ளிவிட்டு வலது பக்கம் உட்கார்ந்தாள். கூண்டை மடியில் வைத்துக்கொண்டு வாயை அவர் காதருகே கொண்டுவந்தாள்.

"ரெண்டு வருஷமா நான் செவுத்துகிட்ட பேசிக்கினு இருந்தேனா?"

"பயம். பொழப்பு போயிடும்னு."

"எங்கிட்ட சொன்னா போயிடுமா? திமிரு புடிச்சிப் பேசாம இருக்கன்னு நெனச்சேன்யா. இவளுக்கு வயசாயிடுச்சி, இவகிட்ட இன்னா பேச்சுன்னு இருக்கான்னு நெனச்சேன். எத்தினி நாளு தனியா அழுதிருக்கேன் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. அழுகையும் சன்னமான சத்தம்தானே.

"நான் பதில் சொல்லாம விட்டது இன்னா இன்னா?" என்று கேட்டார்.

"எல்லாத்தயும் இப்ப ஒப்பிக்கச் சொல்றியா?" என்று அவள் வெளியே பார்த்தாள். சிக்னலில் ஆட்டோ நின்றபோது மறுபடி காதருகே வந்தாள். "போன ஐப்பசி மழையில ஒண்ணு கேட்டேன். முட்டி ரெண்டும் விட்டுப்போச்சி, மீனு விக்கறத விட்டுட்டுக் கூடைய எறக்கி வச்சிடட்டுமான்னு. நீ அந்தப் பக்கம் திரும்பி பம்பு தொடச்சிக்கினு இருந்த. பதிலே சொல்லல. சரி, தூக்குன்னுதான் சொல்ற போலன்னு மறுநாளு தூக்கிக்கினு போயிட்டேன்."

இப்போது ஆவணி. சுப்ரமணி மனசுக்குள் எண்ணிப் பார்த்தார், பத்து மாதம். பத்து மாதமாகக் குப்பத்துக்கும் சாரத்துக்கும் அந்த முட்டியோடு கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறாள், அவர் வேண்டாம் என்று சொல்லாததால். அவருக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை.

முன்னால் காத்தவராயனின் முதுகு தெரிந்தது. இன்று பொழுது சாய்வதற்குள் விஷயம் ஆதிமூலத்துக்குப் போய்விடும். நாளைக்குப் பட்டறைக்கு இன்ஜின் வருமா என்பது சந்தேகம். கூடையை இறக்குவதற்கு இதைவிடக் கெட்ட நேரம் இருக்க முடியாது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

"எறக்கி வச்சிடு" என்றார்.

காத்தவராயன் திடுக்கிட்டுத் திரும்பினான். பக்கத்தில் பைக்கில் இருந்தவரும் திரும்பினார்.

"கத்தாதய்யா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்றாள் சொர்ணம். முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"மெதுவா, இன்னொரு வாட்டி சொல்லு."