முதலில் நின்றும் கூப்பிடப்படாத கடை

காலை எட்டரை மணிக்குத் தேடினால் அவர் கடைதான் முதலில் வந்தது. சாயங்காலம் ஏழு மணிக்குத் தேடினாலும் அதேதான். 'வாஷிங் மெஷின் ரிப்பேர்' என்று ஃபோனில் தட்டியதும் வரைபடத்துக்குக் கீழே, நாலே முக்கால் நட்சத்திரத்தோடு முதல் வரியில் அவர் கடை நின்றது. ஆனால் கூப்பிட ஆள் இல்லை. முன்பெல்லாம் ஒரு நாளைக்கு ஏழெட்டு அழைப்பு வரும். இப்போது வாரத்துக்கு மூன்று வந்தால் அதிகம். முதலில் நிற்கிறவனை ஏன் யாரும் கூப்பிடுவதில்லை என்பது இரண்டரை மாதமாக அவருக்குப் பிடிபடவில்லை.

அந்த வட்டாரத்தில் அவருக்குக் 'காது' என்று பட்டப்பெயர். மெஷினைத் திறக்கும் முன்பே சத்தத்தை வைத்துப் பழுதைச் சொல்லிவிடுவார். பேரிங் தேய்ந்திருந்தால் டிரம் வேகமெடுக்கும்போது தூரத்தில் லாரி போவதுபோல் உறுமும். பெல்ட் தளர்ந்திருந்தால் மோட்டார் மட்டும் ஓடும், துணி அசையாது. தண்ணீரை வெளியே தள்ளும் பம்பில் ஏதாவது சிக்கியிருந்தால் கடகடவென்று பல்லைக் கடிக்கும். இந்தப் பழுதுக்கோ சத்தமே இல்லை. கழற்றிப் பார்க்கப் பின்பக்க மூடியும் இல்லை.

வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. பெரிய கம்பெனி ஒன்றின் சர்வீஸ் சென்டரில் வேலை தயாராக இருந்தது. சேர்ந்தால் பதினோரு வருடக் கடையை மூட வேண்டும். அங்கே பழுதுபார்ப்பது என்றால் பாகத்தை மாற்றுவது மட்டும்தான், எதையும் பிரித்துச் சரிசெய்யக் கூடாது. மனைவி அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்ங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்று அவருக்கு இருந்தது.

மனைவியின் தம்பி தினமும் ஆபீஸ் விட்டதும் கடைக்கு வந்துவிடுவான். தேடுபொறி மூன்று விஷயங்களைப் பார்க்கிறது என்று அவன் எங்கேயோ படித்திருந்தான். கேட்டதற்கும் கடையின் தொழிலுக்கும் பொருத்தம் இருக்கிறதா, கேட்கிறவருக்குக் கடை பக்கத்தில் இருக்கிறதா, நாலு பேர் அதைப் பற்றி நல்லபடியாக எழுதியிருக்கிறார்களா. கடை இருக்கும் இடத்தை மாற்ற முடியாது; மற்ற இரண்டையும் அவர்கள் செய்துவிட்டார்கள். 'வீட்டு உபயோகப் பொருட்கள்' என்று பொதுவாக இருந்த தொழிலை 'வாஷிங் மெஷின் பழுதுபார்ப்பு' என்று திருத்தினார்கள். வேலை செய்த படங்களைப் போட்டார்கள். பழைய வாடிக்கையாளர்களிடம் கருத்து எழுதச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பதிலும் எழுதினார்கள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. உங்களுக்குக் கண்ணு பட்டிருக்கு" என்றான் மைத்துனன்.

"கண்ணு பட்டா எந்த ஸ்க்ரூவைக் கழட்டணும், அதைச் சொல்லு" என்றார் அவர்.

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் மறுபடி ஒருமுறை தேடிப் பார்த்தார்கள். முதல் வரியிலேயே கடை நின்றது.

பகலில் வேலையில்லாமல் கடையில் உட்கார அவருக்குக் கூச்சமாக இருந்தது. ஒன்பதரைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, அடுக்குமாடிக் கட்டடங்களில் கார்டு கொடுக்கப் போய்விடுவார். ஃபோன் ஒலித்ததா என்று அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொள்வார். ஆறு மணிக்குத் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்கி, நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் தேடிப் பார்க்கத் தோன்றும்.

வியாழக்கிழமை மதியம் ஃபோன் ஒலித்தது. பழைய வாடிக்கையாளர், இரவு டியூட்டி பார்க்கும் நர்ஸ். இவர் பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்றபோதே கடகடப்பு கேட்டது. தண்ணீரை இறக்கி, கீழே உள்ள வட்ட மூடியைத் திருகி, பம்புக்குள்ளிருந்து ஒரு சேஃப்டி பின்னை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"நல்லவேளை தம்பி, மெஷின் பக்கவாட்டுல நீங்க ஒட்டின ஸ்டிக்கர்ல நம்பர் இருந்துச்சு. நீங்க கடையை மூடிட்டீங்கன்னுல்ல நினைச்சேன்."

"யார் சொன்னது?"

"ஃபோன்தான் சொல்லுச்சு. நீங்களே பாருங்க."

அவர் அந்தச் சமையலறையில் நின்றபடியே தேடிப் பார்த்தார். அவர் கடை முதல் வரியில் இல்லை. விரலால் தள்ளிக்கொண்டே போனதில் ஒன்பதாவது ஆளாக நின்றது. பெயருக்குக் கீழே சிவப்பில் ஒரு வரி: 'மூடப்பட்டுள்ளது. மாலை 6 மணிக்குத் திறக்கும்.'

அதை எழுதியவர் அவர்தான். மூன்று மாதம் முன்பு ஒருவர் மதியம் கடைக்கு வந்து, ஷட்டர் இறங்கியிருப்பதைப் பார்த்துவிட்டு, 'பொய்யான நேரம்' என்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார். அவமானமாகப் போய்விட்டது. அன்றே உட்கார்ந்து, தான் கடையில் இருக்கும் நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதினார்: காலை எட்டு முதல் ஒன்பதரை, மாலை ஆறு முதல் எட்டு. இடைப்பட்ட நேரம் முழுக்க அவர் வீடு வீடாக வேலை பார்க்கும் நேரம். மெஷின்கள் நின்றுபோவதும் ஜனங்கள் தேடுவதும் அதே நேரத்தில்தான். மெக்கானிக் எங்கே என்று கேட்கிறவரை யாரும் பூட்டிய கடைக்கு வழிகாட்டி அனுப்புவதில்லை. தேடுபொறியும் திறந்திருக்கும் கடைகளை முன்னால் நிறுத்தி, இவரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருந்தது. அவர் தேடிப் பார்த்ததெல்லாம் கடை திறந்திருந்த நேரத்தில், அதுவும் கடைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு. அங்கிருந்து தேடினால் அவர் கடையைவிடப் பக்கத்தில் வேறு கடை எப்படி இருக்கும்?

"என்ன தம்பி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. மூணு மாசமா நானே என் கடையைப் பூட்டி வச்சிருந்திருக்கேன்."

அன்று சாயங்காலம் மைத்துனன் வந்ததும் இருவரும் திருத்தினார்கள். ஆனால் எப்போது மாறும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. வெள்ளி காலை வீட்டில் ஃபோனை மேஜைமேல் வைத்துவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். பத்து மணிவரை ஒன்றும் இல்லை. பத்தரை ஆயிற்று. மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே போனாள். பதினொன்று இருபதுக்கு ஒரு புது நம்பர் வந்தது. ஒரு மணிக்குள் இன்னும் மூன்று. ஐந்து மணிக்குக் கம்பெனியிலிருந்து கேட்டபோது, யாரோ ஒருவரின் வீட்டில் மெஷின் டிரம்முக்குள் தலையை விட்டபடி, வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

அவர்கள் செய்த திருத்தம் இவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வேலை செய்கிறவர் என்று குறித்து, கடை முகவரியை மறைத்து, போய்வரும் ஏழு பகுதிகளின் பெயரைச் சேர்த்தார்கள். நேரம் என்ற இடத்தில், ஷட்டர் தூக்கியிருக்கும் நேரத்தை அழித்துவிட்டு, அவர் ஃபோனை எடுக்கும் நேரத்தை எழுதினார்கள்: காலை எட்டு முதல் இரவு எட்டு வரை.