கழுவி ஓயாத மெஷின்

எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் மெஷினுக்கு ஜெபம் பண்ண வந்த போதகர், கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல துணியும் போடலாமா?" என்று கேட்டார். எங்கள் கருங்கல் ஊர்ப் பக்கத்தில் கார் வாங்கினாலும் கிணறு தோண்டினாலும் போதகரைக் கூப்பிடுவது வழக்கம்தான். ஆனால் எச்சில் தட்டு கழுவுகிற மெஷினுக்கு எதற்கு ஜெபம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். என் புருஷன் எபிசன் கேட்கவில்லை. நாலு பேர் வந்து பார்க்காவிட்டால் அவருக்குப் பொருள் வாங்கின மாதிரியே இருக்காது.

ஜெபம் முடிந்து எல்லோரும் தேயிலைத் தண்ணீர் குடிக்கும்போது என் மாமியார் ராஜபாய் ஆரம்பித்தார். "கையும் காலும் நல்லா இருக்கவளுக்கு இது எதுக்கு? இந்த சவத்து மெஷினுக்கு மீன்சட்டி கழுவ வருமா?"

"எல்லாம் வரும் அம்மா," என்றார் எபிசன். "இது கழுவாத சாமானம்னு ஒண்ணு இந்த வீட்டுல இருந்தா, அத நான் கழுவுதேன். போதகர் சாட்சி."

மஸ்கட்டில் பெரிய ஓட்டலில் ஸ்டோர் வேலை பார்த்துவிட்டு வந்த மனுஷன். அங்கே மெஷின் கழுவுவதைத் தூரத்தில் நின்று பார்த்த பெருமையில்தான் இவ்வளவு பேச்சு. மற்றபடி அவர் கையால் ஒரு தம்ளர் கழுவி நான் கண்டதில்லை.

மெஷின் வேண்டும் என்று கேட்டது நான். காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்யாணத்துக்கு முன்பு நான் எங்கள் ஊர் கோயில் குயரில் பாடிக்கொண்டிருந்தவள். இங்கே வந்தபின், குயர் பயிற்சி நடக்கிற சாயங்கால நேரத்தில் நான் பின்பக்கக் குழாயடியில் மத்தியானத்துப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, கரிச்சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு, கோயிலில் இருந்து வரும் பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அழுகை வரும். மெஷின் வந்ததும் சாமானங்களை அடுக்கி, பொடி போட்டு, பொத்தானை அமர்த்திவிட்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். குயர் மாஸ்டர் ஜெபசீலன் சார் என்னைப் பாட வைத்துப் பார்த்துவிட்டு, கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஆல்டோ குரல் வரிசையில் நிறுத்தினார். ஒரு பயிற்சி தவறினாலும் பெஞ்சில் போய் உட்காரவேண்டியதுதான் என்றும் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் எனக்குச் சோற்றைவிடப் பெரிது.

கொஞ்ச நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு ஒரு நாள் நான் பாடிவிட்டு வந்து பார்த்தால் மெஷின் இன்னும் கழுவிக்கொண்டிருந்தது. இரவுச் சாப்பாடு முடிந்தும் கழுவியது. கடைசியில் சிவப்பு விளக்கை மினுக்கிவிட்டு நின்றுவிட்டது. உள்ளே தட்டெல்லாம் மங்கலாக, தொட்டால் நறநற என்றிருந்தது.

"கரண்டு," என்றார் எபிசன். ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டினார். மறுநாளும் அதே கதை. "அப்பம் உள்ள எறும்பு போயிருக்கும்," என்றார்.

மாமிக்கு வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. பின்சுவரில் கவிழ்த்து வைத்திருந்த தன் மீன்சட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார். "பாருட்டி. கை வச்சுத் தேச்சா எப்படி இருக்கும்னு பாரு. உனக்க மெஷினுக்கு இது வருமா?" சட்டி உண்மையிலேயே அவ்வளவு சுத்தமாக இருந்தது. மாமியின் மீன்சட்டிகளை வேறு யாரும் தொடக்கூடாது. சமைப்பதும் அவர்தான், தேங்காய் நார்ச் சவுரி வைத்துத் தேய்ப்பதும் அவர்தான்.

கடற்கரை ஊரான இனயத்திலிருந்து மெக்கானிக் சுஜின் வந்தான். தோஹாவில் ஓட்டல் அடுக்களைகளில் இந்த மாதிரி மெஷின்களோடு குடித்தனம் நடத்தியவன். அடித்தட்டைக் கழற்றி, கட்டைவிரல் அளவில் ஒரு சாதனத்தை வெளியே எடுத்தான்.

"எக்கா, இதுதான் சென்சார். இந்தப் பக்கம் ஒரு சின்ன லைட்டு, அந்தப் பக்கம் ஒரு கண்ணு. நடுவுல கழுவுன தண்ணி ஓடும். தண்ணி கலங்கலா இருந்தா லைட்டு கண்ணுக்குத் தெரியாது. அப்பம் மெஷினு, சாமானம் இன்னும் அழுக்குன்னு நெனச்சு திரும்பவும் கழுவும். கழுவிக் கழுவி முடியாம விளக்கைக் காட்டிட்டு நின்னுரும்."

சென்சாரின் மேல் செங்கல் நிறத்தில் வண்டல் படிந்திருந்தது. துடைத்துக் காட்டினான். "உங்க கிணத்துல செம்மண்ணு ஊறுது."

அவ்வளவுதான். எபிசன் ஆள் பிடித்துக் கிணற்றை இறைத்துத் தூர் வாரிவிட்டார். அந்த வாரம் கடல் கோபமாக இருந்ததால் இனயத்தில் வள்ளம் இறங்கவில்லை, எங்களுக்கு மரக்கறிதான். மெஷின் சொன்ன நேரத்துக்குக் கழுவி முடித்தது. எபிசன் வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அடிமண் தெரிவதைக் காட்டினார்.

கடல் அடங்கியது. மீன் வந்தது. மெஷின் திரும்பவும் கழுவி ஓயவில்லை.

எபிசனுக்குப் பொறுமை போயிற்று. "சுஜின் புது சென்சார் போடட்டும். அதுக்கும் கேக்கல்லன்னா திங்கக்கிழமை இத கடையில குடுத்துட்டு இன்வெர்ட்டர் எடுக்கேன்."

"ஜெபம் பண்ணின சாமானத்தைத் திருப்பி எடுப்பானா?" என்று கேட்டேன். சிரிக்கத்தான் கேட்டேன். ஆனால் ஆராதனைக்கு நாள் நெருங்கிவிட்டது. மெஷின் போனால் நான் மறுபடி குழாயடிக்குத்தான் போகவேண்டும்.

சனிக்கிழமை சுஜின் புது சென்சாரோடு வந்தான். வந்தவனைச் சாப்பிடாமல் வேலை பார்க்கவிடுவது மாமிக்குப் பிடிக்காது. சாளைமீன் கறி ஊற்றி எங்களோடு உட்காரவைத்தார்.

முதல் உருண்டையிலேயே எபிசன் முகத்தைச் சுளித்தார். "அம்மா, கறியில நாரங்கா பிழிஞ்சியளா?"

"புதுப் புளி. அப்படித்தான் இருக்கும்," என்றார் மாமி, தட்டைப் பார்த்துக்கொண்டே.

நானும் வாயில் வைத்தேன். எலுமிச்சை மணம் இருந்தது, அதன் புளிப்பு இல்லை. இந்த மணத்தை நான் தினமும் சாயங்காலம் மோந்துகொண்டிருக்கிறேன். மெஷினுக்கு என் கையால் போடுகிற பொடியின் மணம். மீன் இல்லாத வாரத்தில் மெஷின் ஒழுங்காக ஓடியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுந்து அடுக்களைக்குப் போய்ப் பார்த்தேன். அடுப்பிலிருந்த சட்டியின் விளிம்பைச் சுற்றி, கறி கொதித்த இடத்தில், சோப்பு நுரை வெள்ளையாகக் காய்ந்திருந்தது.

பின்சுவரில் இன்னொரு மீன்சட்டி கவிழ்ந்திருந்தது. அதைக் கொண்டுவந்து சுஜின் முன்னால் வைத்தேன். "தம்பி, இத மோந்து பாருங்க."

அவன் மோந்தான். சட்டியின் உள்பக்கத்தை விரலால் தேய்த்தான். விரலில் செங்கல் நிறத்தில் ஒட்டியது. எழுந்துபோய் மெஷினின் சல்லடையை எடுத்துத் துடைத்து, இரண்டு விரலையும் சேர்த்து வைத்துப் பார்த்தான்.

"ரெண்டும் ஒரே மண்ணு," என்றான். "சென்சாருக்கு ஒரு கேடும் இல்ல எக்கா. மண்சட்டிய மெஷினுக்குள்ள வச்சா அது அரிச்சுட்டே இருக்கும், தண்ணி தெளியவே தெளியாது. பொடியையும் சட்டி குடிச்சுரும். கிணறு பாவம்."

"சட்டிய யாரு வச்சது?" என்றார் எபிசன்.

வீட்டில் இருப்பது மூன்று பேர். மாமி சாளையில் இல்லாத முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. "நான் கோயிலுக்குப் போனதும் நீங்கதான மாமி வச்சிய? மெஷின் கழுவுன சட்டியக் கொண்டுவந்து எனக்கே காட்டுனியளே. எனக்குக் கெடச்ச ஒரு மணிக்கூரும் போகப் பாத்துதே."

மாமி தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"வச்சேன். கேட்டுல உனக்க சத்தம் கேட்டதும் எடுத்துருவேன். கல்யாணம் கழிஞ்சு இஞ்ச வந்த நாள் தொட்டு நான் சட்டி தேய்க்கேன். உனக்கு ஒரு மணிக்கூர் வேணும்னா எனக்கு வேண்டாமாட்டி?"



"பின்ன எதுக்கு மெஷினக் குறை சொன்னிய?" என்று கேட்டேன்.

"முதல்லயே சொல்லிப்போட்டேனே. போதகரும் கேட்டுட்டாரு. பின்ன எப்படி மாத்திச் சொல்ல?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆத்திரமும் போகவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் மாமிக்குக் கொஞ்சம் மோர் ஊற்றினேன்.

எபிசன் நிம்மதியாக அடுத்த உருண்டையைப் பிடித்தார். "அப்பம் மெஷின் நல்லாத்தான் இருக்கு. சட்டிய மட்டும் அம்மா பழையபடி கையால தேய்க்கட்டும்."

மாமி தலையை நிமிர்த்தினார். "லே எபி. போதகர் முன்ன நீ என்ன சொன்னா?"

எபிசன் சுஜினைப் பார்த்தார். சுஜின் தன் ஸ்குரூடிரைவர்களை எடுத்துப் பையில் போட்டான். "ஜெபத்துல குடுத்த வாக்கு அண்ணே. நான் ஒண்ணும் சொல்லப்பிடாது."

அன்று சாயங்காலம் நான் பொத்தானை அமர்த்திவிட்டுக் கிளம்பும்போது எபிசன் குழாயடியில் குந்தி உட்கார்ந்து சவுரியால் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் தங்கையன் மதிலுக்கு மேல் தலையை நீட்டினார்.

"என்ன எபிசா, மெஷினு கேடாயிப்போச்சா?"

"இல்ல அண்ணே. நல்லா ஓடுது."

"பின்ன நீ என்ன செய்யுதா?"

எபிசன் குனிந்து இன்னும் வேகமாகத் தேய்த்தார். "பைய தேய்லே," என்றார் வாசலில் நின்ற மாமி. "தேச்சு முடிச்சு கஞ்சித்தண்ணி ஊத்தி வை. அந்த மணம் போகட்டும்."

அப்போதுதான் கவனித்தேன், மாமி கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். என்னோடு நடந்து வந்தார். கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. எங்களோடு சேர்ந்து பாடவுமில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டுக்கு நடுவே ஜெபசீலன் சார் நிறுத்தச் சொன்னபோது நான் மாமி பக்கத்தில் போனேன். "பாட்டு பிடிக்கல்லியா மாமி? சும்மா இருக்கிய?"

"சும்மா இருக்கத்தான் மக்களே வந்தேன்," என்றார். "நீ போய்ப் பாடு."