படத்தில் இருப்பது யார்

தையல்கடையில் இரண்டு மிஷின்கள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன. ஒன்று அவனுடையது, இன்னொன்று அவன் மனைவியுடையது. அவள் வெளிநாடு போனதிலிருந்து அவள் மிஷினுக்கு உறை போட்டிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல்தான் அவன் தைத்தான். திரும்பினால் தையல் கோணிக்கொண்டு போனது.

அவள் தலைக்குள் ஒரு கட்டி. உயிரைக் குடிக்கிற கட்டி இல்லை, சாதுவானதுதான் என்றார்கள். ஆனால் அந்தச் சாது போய் உட்கார்ந்திருந்தது பேச்சு இருக்கிற இடத்தில். எடுத்தால் வார்த்தைகள் போய்விடலாம் என்று இங்கே டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவள் போன நாட்டில் ஆளை விழிப்பாக வைத்து, பேசவிட்டுக்கொண்டே எடுப்பார்களாம். துணைக்கு ஒருவருக்குத்தான் விசா. அந்த ஊர் பாஷை தெரிந்த அவள் அண்ணன் போனார். பாஷை தெரியாத புருஷன் பாத்திரம் கழுவிக்கொண்டு வீட்டில் கிடந்தான்.

ஆபரேஷனில் காட்டிப் பெயர் கேட்பதற்கு, அவள் பழகிய பொருட்களின் படங்கள் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். கத்தரிக்கோல், டேப், பாபின், பட்டன், கடைப்பூட்டு என்று எடுத்தான். சரிபார்க்க ஒவ்வொன்றின் பெயரையும் தனியே எழுதினான். கடைசியாக, யாரையும் கேட்காமல், தன் படத்தையும் சேர்த்துத் தன் பெயரையும் எழுதி அனுப்பினான்.

ஆசைதான், வேறென்ன. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு தடவைகூட அவன் பெயரைச் சொன்னதில்லை. வீட்டில் ‘ஏங்க’. கோபம் வந்தால் ‘இந்தாங்க’. கடையில் ஆள் இருந்தால் ‘மாஸ்டர்’. பேங்கில் புருஷன் பெயர் கேட்டால் முழங்கையால் இடிப்பாள், அவனே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். கண்காணாத ஊரிலாவது அவள் வாயிலிருந்து தன் பெயர் ஒரு தரம் வரட்டுமே என்று நினைத்தான்.

ஆபரேஷனில் பேச்சை மொழிபெயர்க்க உள்ளே நின்ற மச்சான், முடிந்ததும் போன் செய்தார். குரல் சரியில்லை.

“மாப்ளே, எல்லாத்தையும் டக்டக்னு சொன்னா. உங்க படத்தைக் காட்டினதும் வாயே தெறக்கல. திருப்பித் திருப்பிக் கேட்டாச்சு. பேச்சு நரம்புகிட்ட வந்துட்டோம்னு டாக்டர் அத்தோட நிறுத்திட்டாரு. கட்டி கொஞ்சம் உள்ளயே இருக்கு. வருஷா வருஷம் பாத்துக்கணுமாம்.”

“அப்ப அவ மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“மூஞ்சியெல்லாம் யாரு பாத்தா? எனக்கே கையும் ஓடல, காலும் ஓடல. நாளைக்கு மறுபடி கேப்பாங்க. சொல்லிட்டா தப்பிச்சோம்.”

அவன் போனை வைத்தான். பெயர் போயே போய்விட்டதா, இல்லை மகராசி வழக்கம்போல வாயை மூடிக்கொண்டாளா? இதை எந்த டாக்டரிடம் எந்தப் பாஷையில் கேட்பது? எப்படி இருந்தாலும், தன் ஆசையால்தான் ஒரு துண்டு அவள் தலைக்குள் தங்கிவிட்டது. அவள் மிஷின் உறையை எடுத்துவிட்டு அவள் ஸ்டூலில் உட்கார்ந்தான். பெயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், ஒரே ஒரு ‘ஏங்க’ போதும் என்றிருந்தது.

மறுநாள் போன் வந்தது. எடுத்ததும் அவள் அவன் பெயரைச் சொன்னாள். இனிஷியலோடு, முழுசாக, பள்ளிக்கூடத்தில் அட்டெண்டன்ஸ் எடுப்பதுபோல.

இத்தனை வருஷம் ஏங்கிய பெயர். கேட்டதும் அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவள் பேசுகிற பேச்சே இல்லை இது. அவளுக்குத் தன்னைத் தெரியவில்லை என்றே நினைத்தான்.

“நான்தாம்மா,” என்றான். “நான்தான் பேசறேன்.”

அந்தப் பக்கம் புரியாத பாஷையில் பேச்சு, காலடிச் சத்தம், கதவு சாத்தும் சத்தம்.

“போயிட்டாங்க,” என்றாள் தணிந்த குரலில். “டாக்டரு, நர்சு, அண்ணன், எல்லாரும் சுத்தி நின்னு சொல்லு சொல்லுன்னா நான் என்ன பண்ணுவேன்? நேத்தும் அப்படித்தான். மண்டையத் தொறந்து வச்சுக்கிட்டு, புருஷன் பேரைச் சொல்லுங்கறாங்க. வெக்கமா இருக்காதா?”

அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

“ஏங்க,” என்றாள். “லைன்ல இருக்கீங்களா?”

இருந்தான். இன்னொரு தரம் கூப்பிடட்டும் என்று பேசாமல் இருந்தான்.