சோற்று வரிசையில் வீராசாமி

ஏரி நிரம்பிவிட்டது என்று தண்டோரா போட்டதிலிருந்து வீராசாமிக்குப் பயம். தண்ணீருக்கு மட்டும் அல்ல. மருமகளை வீட்டுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போகவேண்டி வருமே என்றுதான்.

சுகந்தினி இலங்கைப் பெண். சின்ன வயதில் அப்பனோடு படகில் வந்து அகதி முகாமில் வளர்ந்தவள். வயரிங் வேலைக்கு அங்கே போன மகன் மோகன் அவளைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டான். முகாமில் அனுமதி வாங்காமல் வந்தவள், தெரிந்தால் போலீஸ் பிடிக்கும். ஆதார் கிடையாது, முகாம் கார்டை வெளியே காட்டவும் முடியாது. கோயிலில் முதல் மரியாதை வாங்குகிற குடும்பத்துக்குள் போலீஸ் நுழைந்து ஒரு பெண்ணை ஜீப்பில் ஏற்றினால், அப்புறம் தெருவில் எப்படி நடப்பது? அவள் ராமநாதபுரத்துப் பக்கம் என்று வீராசாமி ஊரில் சொல்லிவைத்தார். பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவள் யாரோடும் பேசுவதில்லை. மாமனார் திமிர் அப்படியே வந்திருக்கிறது என்று ஊர் பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார்.

போன புயலில் மாட்டுக்கொட்டகை சாய்ந்தபோதும், நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, "பிச்ச வாங்கற வூடுன்னு நெனச்சிக்கினு வந்தீங்களா?" என்று விரட்டினார். உள்ளே விட்டால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பார்களே.

இப்போது தண்ணீர் வாசல்படி ஏறிவிட்டது. மோகன் வேலைக்குப் போன ஒரகடத்தில் மாட்டிக்கொண்டான். அவன் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அந்த நேரத்தில் டிராக்டரோடு வந்து நின்றான் வரதன், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர். வீராசாமி சொன்னால் பங்காளிகளின் ஓட்டெல்லாம் ஒரே பக்கம் விழும். வரதன் பக்கம் விழும்படி அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

"ஏறுங்க பெரியவரே, ஏரிக் கர பிச்சிக்கப் போவுது! எல்லாரும் ஸ்கூல்ல கீறாங்க."

"ஸ்கூலுக்கு வந்து இன்னா பண்றது?"

"பேரு எழுதுவாங்க, சோறு போடுவாங்க. தூக்குலயா போடுவாங்க? உன் வீம்புக்குக் கொழந்தயும் சாவணுமா?"

பின்னாலிருந்து சுகந்தினி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, பிள்ளைக்கு உடம்பு கொதிக்குது. நான் வாறன். பிடிச்சாப் பிடிக்கட்டும்."

ஏறினார்கள்.

பள்ளிக்கூடத்து வராந்தாவில் மேசை போட்டு ஒரு வருவாய்த்துறை அம்மா உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவரும் பேரும் ஆதார் நம்பரும் சொன்ன பிறகுதான் உள்ளே விட்டார்கள். மேசைக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள் டீ குடித்துக்கொண்டிருந்தார். வீராசாமி வரிசையில் நின்றார். முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

வராந்தாவின் மறுகோடியில் சாம்பார் சாதம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே நின்று வரதன் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் வீராசாமி மருமகளின் தோளைத் தொட்டு, "நான் கத்துனா கொழந்தயோட உள்ள பூடும்மா" என்றார். மேசையைத் தாண்டி விடுவிடுவென்று நடந்தார். ஒரு தட்டைப் பிடுங்கி நீட்டினார்.

"சோத்தப் போடுங்கடா! பசி உயிர் போவுது!"

வராந்தாவே திரும்பியது. "டேய், யார் வந்து நிக்கறாருன்னு பாருங்கடா!" என்று வரதன் கூவினான். "பெரியவரே, இந்தப் பக்கம் பாரு! நம்ம ஆட்சி சோறு எப்டி கீது?"

சிரித்தார்கள். யாரோ ஒருவன் விசில் அடித்தான். மேசை அம்மாவும் எழுந்து எட்டிப் பார்த்தாள்; கான்ஸ்டபிளும் டீயோடு வந்தார். வீராசாமி நின்றபடியே சோற்றை அள்ளி வாயில் திணித்தார். ஓரக்கண்ணில், ஈரப் புடவை ஒன்று மேசையைக் கடந்து வகுப்பறைக்குள் போவது தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மா நோட்டோடு வந்தாள். "ஐயா, கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் இல்லம்மா. ஒண்டியாத்தான் வந்தேன்."

வகுப்பறைக்குள்ளிருந்து குழந்தை வீறிட்டு அழுதது.

வரதன் போனை இறக்கினான். வகுப்பறைக் கதவைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான். அவன்தானே மூவரையும் டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்தான். வீராசாமி தட்டைப் பிடித்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா மேடம், பெரியவரு ஒண்டிதான். எழுதிக்கங்க" என்றான் வரதன்.

அந்த அம்மா எழுதிக்கொண்டு போனாள். அவன் அவர் காதருகே குனிந்தான்.

"ராமநாதபுரம்னியே பெரியவரே, உம் மருமவ 'வாறன்'னு பேசனதக் கேட்டும் நம்பிட்டேன். எலெக்சன் வருது இல்ல? வூட்டாண்ட வரேன், பேசிக்கலாம்."

வீராசாமி சரி என்று தலையாட்டினார்.